சக்காவோ மேயர் இரேனே சாயெஸ்

1995 டிசம்பரில் வெனிசுவேலாவில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. தலைநகர் கராகஸின் கிழக்குப் பகுதியில் உள்ள சக்காவோ என்ற சிறிய நகராட்சியில், ஏற்கெனவே மேயராக இருந்தவரே மறுபடியும் போட்டியிட்டார். அவருக்குக் கிடைத்தது 96 சதவீத வாக்கு. அரசியல்வாதி என்றாலே மக்கள் முகம் சுளித்த காலம் அது. அதிபராக இருந்த கார்லோஸ் அந்த்ரேஸ் பெரேஸ் நிதி முறைகேட்டுக் குற்றச்சாட்டால் 1993-இல் பதவி இழந்திருந்தார். 1994 ஜனவரியில் லத்தீனோ வங்கி சரிந்து, பின்னாலேயே பல வங்கிகள் விழுந்து, சேமிப்பை இழந்தவர்கள் தெருவில் நின்றார்கள். அந்த நேரத்தில் ஒரு மேயரைப் பார்த்து, நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் இவரே தொடரட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அவர்தான் இரேனே சாயெஸ். 1981-இல் பிரபஞ்ச அழகியாகத் தேர்வானவர்.

இவரைப் பற்றி எங்கே தேடினாலும் ஒரே கதைதான் கிடைக்கிறது. அழகிப் பட்டம் வென்றார், அந்த முகத்தை வைத்து மேயரானார், அதே முகத்தை நம்பி அதிபர் தேர்தலில் நின்றார், மக்கள் விழித்துக்கொண்டார்கள், மூன்று சதவீதம்கூட வாங்காமல் தோற்றார். படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஆறு ஆண்டுகள் ஒரு நகராட்சியை நிர்வகித்த பெண்ணின் வாழ்க்கையில் அந்த ஆறு ஆண்டுகளை மட்டும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைச் சொல்லும் கதை அது. தோற்றதற்கு அது சொல்லும் காரணமும் தவறு என்றே நினைக்கிறேன்.

இரேனே 1961 டிசம்பரில் பிறந்தவர். பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி. மூன்று வயதில் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அவர் வளர்ந்த 1970-களில் வெனிசுவேலாவில் எண்ணெய்ப் பணம் ஆறாக ஓடியது. 1973-க்குப் பின் கச்சா எண்ணெய் விலை ஏறிய வேகத்தில் கராகஸில் வானுயரக் கட்டடங்கள் எழுந்தன. ஒரு டாலருக்கு 4.30 பொலிவார் என்ற நிலையான மதிப்பு இருந்ததால் நடுத்தரக் குடும்பங்கள்கூட பொருள் வாங்க மியாமிக்கு விமானம் ஏறின. உலகத்தின் முன் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை அந்த நாட்டுக்கு வந்த காலமும் அதுதான். காட்டுவதற்கு எண்ணெய் இருந்தது, பேஸ்பால் இருந்தது, அழகிப் போட்டி இருந்தது.

அழகிப் போட்டியை வெனிசுவேலர்கள் எடுத்துக்கொண்ட விதம் வெளியாருக்கு எளிதில் புரியாது. மிஸ் வெனிசுவேலா போட்டி 1952-இல் தொடங்கியது. 1955-இல் சுசானா டுயிம் லண்டனில் உலக அழகிப் பட்டம் வென்றார். லத்தீன் அமெரிக்காவிலிருந்து அந்தப் பட்டத்தை வென்ற முதல் பெண் அவர். 1979-இல் மரிட்சா சயலேரோ நாட்டின் முதல் பிரபஞ்ச அழகியானார். கியூபாவில் பிறந்து வெனிசுவேலாவுக்கு வந்த ஒஸ்மெல் சோசா என்பவர் 1980-களின் தொடக்கத்தில் போட்டியின் பொறுப்பை ஏற்ற பிறகு அது முழுநேரத் தொழிற்கூடமாகவே மாறியது. தேர்வான பெண்கள் மாதக்கணக்கில் பயிற்சியில் இருப்பார்கள். நடக்க, பேச, உடுக்க ஆசிரியர்கள். உடற்பயிற்சிக்கும் உணவுக்கும் தனித்தனி ஆட்கள். பல் வரிசையைச் சீராக்க மருத்துவர், பின்னாளில் மூக்கையும் மார்பையும் திருத்த அறுவை சிகிச்சை நிபுணர். அகத்தின் அழகு என்பது அழகில்லாதவர்கள் சமாதானத்துக்குச் சொல்லிக்கொள்வது என்ற பொருளில் சோசா வெளிப்படையாகவே பேசியவர். அந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு நாட்டின் பெண் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக அதைக் கேட்டு வளர்ந்தார்கள் என்பது கொடுமை. ஆனால் வெற்றிக் கணக்கில் அவரை வெல்ல ஆளில்லை. வெனிசுவேலா இதுவரை ஏழு முறை பிரபஞ்ச அழகிப் பட்டத்தை வென்றிருக்கிறது. 2008, 2009 என அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்நாட்டுப் பெண்களே வென்றார்கள்; அதற்கு முன் எந்த நாடும் அப்படி வென்றதில்லை.

1981 அந்த நாட்டுக்குப் பொன்னான ஆண்டு. ஜூலை 20-ஆம் தேதி நியூயார்க்கின் மின்ஸ்கோஃப் அரங்கில், எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் பெண்களுக்கு நடுவே, மிராண்டா மாநிலத்தின் சார்பில் மிஸ் வெனிசுவேலா ஆகியிருந்த பத்தொன்பது வயது இரேனே பிரபஞ்ச அழகியானார். அதே ஆண்டு நவம்பரில் பிலின் லியோன் லண்டனில் உலக அழகியானார். இரண்டு பட்டமும் ஒரே ஆண்டில் ஒரே நாட்டுக்கு. அரசு எண்ணெய் நிறுவனம் தன் கப்பல்களுக்கே அழகிகளின் பெயரைச் சூட்டியது. 2002 டிசம்பரில், அப்போது அதிபராக இருந்த ஹூகோ சாவேஸின் அரசை எதிர்த்து எண்ணெய்த் தொழிலில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தபோது, மராக்காய்போ ஏரியில் நங்கூரமிட்டு நகர மறுத்து அந்தப் போராட்டத்தின் அடையாளமாக நின்ற கப்பலின் பெயர் 'பிலின் லியோன்'. கப்பலை மீட்ட பிறகு அரசு அழகிகளின் பெயர்களை எல்லாம் நீக்கியது. மனுவேலா சாயென்ஸ், விடுதலை வீரர் சிமோன் பொலிவாரை வளர்த்த செவிலித்தாய் ஹிப்போலிட்டா என்று விடுதலைக் காலத்துப் பெண்களின் பெயர்கள் வந்தன. அழகிகள் அந்த நாட்டின் பொதுவாழ்வில் எந்த இடத்தில் இருந்தார்கள் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

பட்டம் வென்றவருக்கு ஓராண்டு அவர் கையில் இல்லை. போட்டி அமைப்பு சொல்லும் ஊருக்குப் போக வேண்டும், சொல்லும் விழாவில் நிற்க வேண்டும். 1982-இல் பெருவின் லிமா நகரில் அடுத்த பிரபஞ்ச அழகிக்கு மகுடம் சூட்டியதோடு இரேனேயின் கடமை முடிந்தது. அதன் பிறகு பெரும்பாலான அழகிகளுக்குத் திறந்திருந்த வழி தொலைக்காட்சித் தொடர்களும் விளம்பரங்களும். இவர் வெனிசுவேலா மத்தியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படித்தார். கராகஸில் இடதுசாரி மாணவர் இயக்கங்களின் கோட்டையாக இருந்த பல்கலைக்கழகம் அது.

அவர் கண்முன்னே நாடு தேய்ந்துகொண்டிருந்தது. 1983 பிப்ரவரி 18, கறுப்பு வெள்ளி. அன்று நாணயத்தின் மதிப்பு சரிந்து, 4.30 பொலிவார் காலம் முடிந்தது. 1989 பிப்ரவரி இறுதியில் பெட்ரோல் விலையோடு பஸ் கட்டணமும் ஏற, தலைநகரிலும் சுற்றுப்புறங்களிலும் கலவரம் வெடித்தது, அரசு ராணுவத்தை இறக்கியது, நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். 1992 பிப்ரவரி 4 அன்று பின்னாளில் அதிபரான ஹூகோ சாவேஸ், அப்போது லெப்டினன்ட் கர்னல், ஆட்சியைக் கவிழ்க்க முயன்று தோற்றார். சரணடைந்தபோது தொலைக்காட்சியில் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பேசினார். 'இப்போதைக்கு' நோக்கம் நிறைவேறவில்லை என்று அவர் சொன்னது நாடு முழுவதும் பதிந்துவிட்டது.

இவற்றுக்கு நடுவே ஒரு நல்லதும் நடந்தது. மேயர்களையும் மாநில ஆளுநர்களையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை 1989 டிசம்பரில் வந்தது. அதுவரை ஆளுநர்களை அதிபர்தான் நியமித்தார். 1958-இல் புன்ட்டோ ஃபிஹோ என்ற வீட்டில் முக்கியக் கட்சிகள் போட்ட உடன்படிக்கைக்குப் பிறகு, ஜனநாயக நடவடிக்கைக் கட்சியும் கொப்பேய் என்ற கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியும் மாறி மாறி ஆண்டுகொண்டிருந்தன. அந்த இரண்டு கட்சிகளின் படிக்கட்டில் ஏறாமல் அரசியலுக்குள் வர உள்ளாட்சி ஒரு வாசலைத் திறந்தது. 1992 டிசம்பரில் அந்த வாசல் வழியாகத்தான் இரேனே நுழைந்தார். சக்காவோ அப்போது புதிதாகப் பிறந்த நகராட்சி; அதன் முதல் மேயர் அவர்.

அவர் முகத்துக்காகத்தான் 1992-இல் வாக்கு விழுந்தது என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். நாட்டில் அவரைத் தெரியாதவர் இல்லை. அறிமுகம் இல்லாத வேட்பாளர் ஆண்டுக்கணக்கில் தேட வேண்டிய பெயர் அவருக்குப் பத்தொன்பது வயதிலேயே கிடைத்துவிட்டது. 1995-இன் 96 சதவீதத்துக்கு அந்த விளக்கம் செல்லாது. மூன்று ஆண்டுகள் குப்பை அள்ளப்படாமல் கிடந்திருந்தால் எந்த மகுடத்துக்கும் மக்கள் அப்படி வாக்களித்திருக்க மாட்டார்கள்.

சக்காவோவில் அவர் முதலில் கை வைத்தது காவல் துறையில். கராகஸில் காவலர் என்றால் லஞ்சம், இல்லையென்றால் அடி என்ற நிலை. நகராட்சிக்கென்று தனிக் காவல் படை அமைத்து, பயிற்சியும் நல்ல சம்பளமும் கொடுத்தார். காவலர்கள் சைக்கிளிலும், கோல்ஃப் மைதானங்களில் ஓடும் சிறு வண்டிகளிலும் தெருத்தெருவாகச் சுற்றினார்கள். வெளிநாட்டுச் செய்தியாளர்கள் அந்த வண்டிகளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். காவலரின் முகம் தெருவாசிகளுக்குத் தெரியவேண்டும், அவர் நடந்து போகும் வேகத்தில் வரவேண்டும் என்பது காவல் நிர்வாகத்தில் நல்ல யோசனை. குற்றம் குறைந்தது. தெருக்கள் துப்புரவாயின, பூங்காக்கள் சீரடைந்தன, சதுக்கங்களில் மாலை நேரத்தில் இசை நிகழ்ச்சிகள் நடந்தன. பக்கத்துப் பகுதிக்காரர்கள் அந்த ஊரை 'இரேனேலாந்தியா' என்று அழைத்தார்கள். கிண்டலும் பொறாமையும் சம அளவில் கலந்த பெயர்.

சக்காவோவைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் எழுதுவது வெறும் புகழுரையாகிவிடும். கராகஸ் பெருநகரம் ஐந்து நகராட்சிகளாகப் பிரிந்தது. அவற்றில் மிகச் சிறியதும் மிகப் பணக்காரப் பகுதியும் சக்காவோ. பரப்பு சுமார் 13 சதுர கிலோமீட்டர். வடக்கே ஆவிலா மலை. அதன் அடிவாரத்தில் அல்தமீரா, லா காஸ்தெயானா போன்ற வசதியான குடியிருப்புகள். தெற்கே எல் ரொசாலில் வங்கிகளும் அலுவலகங்களும். வெனிசுவேலாவில் வணிக நிறுவனங்கள் தங்கள் வருமானத்துக்கேற்ப நகராட்சிக்கு வரி கட்ட வேண்டும். வங்கிகள் குவிந்த சக்காவோவின் கஜானா அதனால் நிறைந்தது. கிழக்கே சுக்ரே நகராட்சி. அங்கேதான் பெத்தாரே, மலைச்சரிவில் செங்கல்லும் தகரமுமாக அடுக்கடுக்காக ஏறும், லத்தீன் அமெரிக்காவின் மிகப்பெரிய குடிசைப் பகுதிகளில் ஒன்று. பெத்தாரேயில் இதே நிர்வாகத்தை இரேனே நடத்திக் காட்டியிருப்பாரா? இந்தக் கேள்வியை 1998-இல் மக்கள் கேட்டார்கள். கேட்டது நியாயம். ஆனால் பணம் இருக்கும் நகராட்சி எல்லாம் தானாகச் சீராகிவிடுவதில்லை என்பதும் உண்மை. பணத்தை வீணடித்த நகராட்சிகள் அந்த நாட்டிலேயே ஏராளம்.

என் அக்கா ஒரு முறை ஊராட்சி உறுப்பினராக இருந்தார். அவர் வார்டுக்குக் குடிநீர்க் குழாய் வந்ததைவிட, அவர் கூட்டத்துக்கு என்ன புடவை கட்டிக்கொண்டு வந்தார் என்பதே ஊரில் அதிகம் பேசப்பட்டது. இரேனேயைப் பற்றிய பழைய செய்திக் கட்டுரைகளைப் படிக்கும்போது அக்கா நினைவுக்கு வருகிறார். உயரம், தலைமுடியின் நிறம், சிரிப்பு என்று மூன்று பத்தி போன பிறகுதான் நகராட்சி வரவுசெலவு வரும். பல கட்டுரைகளில் அதுவும் வராது. அவர் உருவத்தில் பொம்மை செய்து கடைகளில் விற்றார்கள். எந்த ஆண் மேயருக்கும் அப்படி ஒரு பொம்மை வந்ததாக நான் படித்ததில்லை.

1996-இல் விலைவாசி ஒரே ஆண்டில் நூறு சதவீதத்துக்கு மேல் ஏறியது. கொப்பேயைத் தோற்றுவித்த ரஃபேல் கால்தேரா, தன் கட்சியையே விட்டு விலகி, வேறொரு புதிய கட்சியைத் தொடங்கி நின்றுதான் 1993-இல் மீண்டும் அதிபராகியிருந்தார். பழைய கட்சிகளின் பெயரே சுமையாகிவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. 1997-இல் இரேனே தன் சொந்த அமைப்பைத் தொடங்கினார். 'ஒருங்கிணைப்பு, புதுப்பித்தல், புதிய நம்பிக்கை' என்ற ஸ்பானியச் சொற்களின் தொடக்க எழுத்துகளைச் சேர்த்தால் அவர் பெயரே வரும். அந்த ஆண்டின் இறுதியில் கருத்துக்கணிப்புகளில் அவருக்கு நாற்பது சதவீதத்தை ஒட்டிய ஆதரவு இருந்தது. கால்தேராவின் மன்னிப்பால் 1994-இல் சிறையிலிருந்து வெளியே வந்திருந்த சாவேஸுக்குப் பத்து சதவீதம்கூட இல்லை.

ஓராண்டுக்குள் எல்லாம் தலைகீழானது. எப்படி என்பதில்தான் எனக்கும் வழக்கமான கதைக்கும் சண்டை.

கொப்பேயிடம் நாடு முழுவதும் கிளைகள் இருந்தன, வெல்லும் வேட்பாளர் இல்லை. இரேனேயிடம் மக்கள் ஆதரவு இருந்தது, வாக்குச்சாவடியில் உட்கார ஆள் இல்லை. 1998-இல் கட்சியின் மூத்த தலைவர் எதுவார்தோ ஃபெர்னாந்தேஸை ஒதுக்கிவிட்டு கொப்பேய் இரேனேயைத் தன் வேட்பாளராக்கியது, அவரும் ஏற்றுக்கொண்டார். கணக்குப் போட்டுப் பார்த்தால் இருவருக்கும் லாபம். ஆனால் இரேனேக்கு இருந்த ஆதரவு முழுவதும் அவர் அந்த இரண்டு கட்சிகளையும் சேராதவர் என்பதிலிருந்து வந்தது. எதை வெறுத்து மக்கள் அவரிடம் வந்தார்களோ, அதன் கையைப் பிடித்துக்கொண்டு அவர் மேடை ஏறினார். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். சாவேஸ் அந்த இரண்டு கட்சிகளில் எதையும் தொடவில்லை. புதிய அரசியல் நிர்ணய சபை, புதிய அரசியலமைப்பு என்று ஒரே கோரிக்கையை ஊர் ஊராகச் சொன்னார். அந்த ஆண்டு வெனிசுவேலாவின் எண்ணெய் பீப்பாய் பத்து டாலர் அளவுக்கு விழுந்திருந்தது. வேலை இழந்தவர்களுக்கு எல்லாவற்றையும் உடைத்து மறுபடி கட்டுவேன் என்ற குரல் கேட்டது; சக்காவோவைப் போல நாட்டை நிர்வகிப்பேன் என்ற குரல் எட்டவில்லை.

இரேனேயின் பிரசாரத்தில் குறை இல்லையா? இருந்தது. கடன், எண்ணெய், ஓய்வூதியம் என்று குறிப்பாகக் கேட்டால் பொதுவாகப் பதில் சொன்னார். ஒற்றுமை, நம்பிக்கை என்ற சொற்களோடு நிறுத்திக்கொண்டார். மேயராக அத்தனை நுணுக்கமாக வேலை செய்தவர் வேட்பாளராக ஏன் இவ்வளவு மேலோட்டமாகப் பேசினார் என்று எனக்கு ஆதங்கம் உண்டு. யார் மனமும் புண்படாதபடி பதில் சொல்லும் பழக்கத்தை அழகிப் போட்டி மேடை அவருக்குள் ஊன்றியிருக்கலாம் என்று தோன்றுகிறது. அப்படியானால், அந்த மேடை அவருக்குக் கொடுத்ததைவிட எடுத்துக்கொண்டது அதிகம்.

நவம்பர் இறுதியில் கொப்பேய் அவரைக் கைவிட்டது. வாக்குப்பதிவுக்குச் சில நாட்களே இருந்தபோது, கராபோபோ மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் என்ரிக்கே சாலாஸ் ரோமரின் பக்கம் சாய்ந்தது. ஜனநாயக நடவடிக்கைக் கட்சியும் தன் சொந்த வேட்பாளர் லூயிஸ் அல்ஃபாரோ உசேரோவை வெளியேற்றிவிட்டு அதே பக்கம் போனது. எழுபது வயது தாண்டிய, கட்சியிலேயே வாழ்ந்து பழுத்த மனிதர் அல்ஃபாரோ. அவருக்கும் அதே கதி. இரேனே விலகவில்லை. டிசம்பர் 6 அன்று சாவேஸுக்கு 56.2 சதவீதம், சாலாஸ் ரோமருக்கு 40 சதவீதத்தை ஒட்டி, இரேனேக்கு 2.8 சதவீதம். அல்ஃபாரோவுக்கு அரை சதவீதம்கூட வரவில்லை. அல்ஃபாரோ முகத்தால் தோற்றார் என்று யாரும் எழுதவில்லை. கட்சியின் பெயர்தான் அவரைச் சாய்த்தது என்று எல்லாரும் சரியாகவே எழுதினார்கள். அதே தேர்தலில் அதே வகையான கட்சியின் அணைப்பில் விழுந்த பெண்ணுக்கு மட்டும் வேறு விளக்கம் ஏன்?

தோல்வியோடு அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை என்பதையும் வழக்கமான கதை மறந்துவிடுகிறது. 1999-இல் மார்கரீட்டா தீவை உள்ளடக்கிய நுவேவா எஸ்பார்ட்டா மாநிலத்தின் ஆளுநர் தேர்தலில் நின்றார். சில மாதங்களுக்கு முன் அவரைத் தோற்கடித்த சாவேஸின் கட்சியே அவருக்கு ஆதரவு தந்தது. சுமார் எழுபது சதவீத வாக்குகளோடு வென்றார். சாவேஸோடு கைகோத்தது சரியா என்று கேட்டால், எனக்கு அதில் உடன்பாடில்லை. கொப்பேயோடு சேர்ந்து தன் சுதந்திரத்தை இழந்தவர் சில மாதங்களிலேயே இன்னொரு பெரிய அணியின் நிழலுக்குப் போனார். வாக்காளர்கள் மட்டும் அவரை மறந்துவிடவில்லை. நிர்வாகம் தெரிந்தவர் என்ற பெயர் அந்தத் தோல்விக்குப் பிறகும் நின்றது.

2000-இல் ஆளுநர் பதவியிலிருந்து விலகினார். திருமணமாகி, குழந்தைப் பேற்றை எதிர்நோக்கியிருந்தார். பிறகு மியாமியில் குடியேறி அரசியலிலிருந்து ஒதுங்கினார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அந்த வயதில்தான் பெரும்பாலான ஆண் அரசியல்வாதிகள் தங்கள் முதல் பெரிய பதவிக்கு முயல்கிறார்கள்.

அதே ஆண்டு சக்காவோவின் மேயரானவர் லியோபோல்தோ லோபேஸ். 2008 வரை அந்தப் பதவியில் இருந்து, பின்னர் எதிர்க்கட்சித் தலைவராகி, 2014-இல் சிறைக்குப் போய், உலகமறிந்த பெயரானார். சாவேஸ் ஆட்சி முழுவதும், அதற்குப் பின்னும், சக்காவோ எதிர்க்கட்சியின் கையிலேயே இருந்தது. 2017-இல் அங்கே மேயராக இருந்த ரமோன் முச்சாச்சோவுக்கு, தெருப் போராட்டங்களைத் தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் பதினைந்து மாதச் சிறைத்தண்டனை விதித்தபோது அவர் நாட்டைவிட்டு வெளியேறினார். நகராட்சிக் காவல் படை, துப்புரவு, பொது இடங்கள் என்று இவர்கள் ஆண்டு காட்டிய ஊரின் அடித்தளத்தை 1993 முதல் போட்டவர் இரேனே சாயெஸ். சக்காவோவின் உள்ளாட்சி வரலாற்றை யாராவது முழுமையாக எழுதினால், முதல் அத்தியாயத்தில் அவருடைய காவல் படைக்கும் வரவுசெலவுக்கும் இடம் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு புத்தகம் வந்தால் வாங்கும் முதல் ஆள் நானாக இருப்பேன்.